அறுபத்தொரு அதிகாரிகள் தின்ற சிப்பாய்

வால்செரா நாட்டு ராணுவத்தில் அறுபத்தொரு அதிகாரிகளும் ஒரு சிப்பாயும் இருந்தார்கள். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு ராணுவம் என்றால் என்னவென்று தெரியாது. சிப்பாய் எங்கே வேண்டுமானாலும் கிடைப்பான். அதிகாரி அப்படியில்லை, அவருக்குத் தொப்பி தைக்கவே மூன்று மாதம் பிடிக்கும்.

அந்த ஒரே சிப்பாயின் பெயர் ஃப்ளூரின். மேல்மலைக் கிராமத்துக்காரன், இருபத்து நான்கு வயது. கொஞ்சம் மந்தம் என்று அவனைச் சொல்வார்கள். மந்தமில்லை. பெரிய மனிதர்கள் ஒன்றைச் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்புகிற சுபாவம், அவ்வளவுதான்.

ஒரே சிப்பாய் என்று ஆன கதை பெரியதில்லை. மலைகளுக்கு அப்பால் மகா யுத்தம் நான்கு வருஷம் நடந்தபோது வால்செரா அதில் கலந்துகொள்ளவில்லை. யாரும் கூப்பிடவில்லை என்பது வேறு விஷயம். கலந்துகொள்ளாமல் இருந்ததில் ராணுவம் காட்டிய கட்டுப்பாட்டைப் பார்த்து மனம் குளிர்ந்துபோன இளவரசர், வருஷத்துக்கு ஒரு படியாக எல்லோருக்கும் பதவி உயர்வு கொடுத்தார். அதிலும் தப்பிப்போன சில சிப்பாய்களுக்கு அவரவர் தாய்மார்கள் மனு எழுதினார்கள். "என் மகனுக்கு நெஞ்சில் சளி. கனம் பொருந்தியவர்கள் தயவுசெய்து அவனை லெப்டினென்ட் ஆக்கவும்." சளி பிடித்தவர்கள், கால் ஆணி உள்ளவர்கள், இருட்டைக் கண்டு பயப்படுகிறவர்கள் எல்லோரும் லெப்டினென்ட் ஆனார்கள். ஃப்ளூரினுக்குத் தாய் இல்லை. தகப்பனோ, பட்டாளத்துக்குப் போனால் சிப்பாயாகத்தானே இருக்கவேண்டும் என்று நினைத்துவிட்டார். பிற்பாடு விஷயம் தெரிந்து அவரும் ஒரு மனு போட்டார். பதில் வந்தது: "தங்கள் மகன் ராணுவத்துக்கு மிகவும் இன்றியமையாதவர். ஆகவே அவரை உயர்த்துவதற்கில்லை."

காலை ஆறு மணிக்கு அணிவகுப்பு. அறுபத்தொரு பேரும் பதவி வரிசையில் நிற்பார்கள். ஃப்ளூரின் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, குதிகாலைத் தட்டி, சல்யூட் அடிப்பான். எல்லோருக்கும் சேர்த்து ஒன்றாக அடித்தால் ஆகாதா என்று முதல் வாரம் கேட்டான். அப்படி அடித்தால் அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று சண்டை வரும் என்றார்கள். எட்டேகாலுக்கு அது முடியும். அதன் பிறகு திங்கட்கிழமையானால் அவன் காலாட்படை, செவ்வாய் பீரங்கிப்படை, புதன் குதிரைப்படை. குதிரை கிடையாது, புதன்கிழமை கால்களைக் கொஞ்சம் அகட்டி நடந்தால் போதும். வியாழக்கிழமை அவன் வடக்கு மேட்டைத் தாக்குவான். வெள்ளிக்கிழமை அதே மேட்டைக் காப்பான். கர்னல்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, தொலைநோக்கி வைத்துப் பார்த்து மார்க் போடுவார்கள். மூன்று வருஷமாக ஃப்ளூரின் தன்னிடம் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை என்று குறிப்பேட்டில் இருந்தது. சனிக்கிழமை அறுபத்திரண்டு ஜோடி பூட்ஸுக்குப் பாலீஷ்.

சனிக்கிழமை பாலீஷ் போடும் நேரத்தில் கர்னல் லூட்சி வந்து எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். அவர் வரலாற்றுப் பிரிவின் தலைவர். ராணுவத்தின் வரலாற்றைப் பதினான்கு தொகுதியாக எழுதிக்கொண்டிருந்தார். ராணுவம் இதுவரை செய்தது ஒரே ஒரு போர். அதுவும் ஒரு காலைப்பொழுது. இருநூற்று இருபது வருஷத்துக்கு முன்னால் எண்ணூறு பேர் கொண்ட எதிரிப் படை மூடுபனியில் கணவாய் ஏறி வந்தது. கணவாயில் நின்ற காவல்காரனைப் பார்த்து, "இதுதானே வால்செரா?" என்று கேட்டார்கள். "இல்லீங்க, அது அடுத்த பள்ளத்தாக்கு" என்றான் அவன். நன்றி சொல்லிவிட்டுப் போய் அடுத்த பள்ளத்தாக்கைக் கொளுத்தினார்கள். அந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள் இன்றைக்கும் நம்மோடு பேசுவதில்லை. காவல்காரன் தெரிந்து சொன்னானா, அவனுக்கே தெரியாதா என்பதைப் பற்றி மட்டும் லூட்சி இரண்டு தொகுதி எழுதியிருந்தார்.

அந்தக் காலையில்தான் சீஸ் விஷயம் தொடங்கியது. போருக்கு வந்த நாற்பது பேரும் ஆளுக்கொரு சீஸ் சக்கரத்தை உணவுக்காகத் தோளில் சுமந்து வந்திருந்தார்கள். விடிந்ததும் நாற்பது பேரும் மாடு கறக்க வீட்டுக்குப் போய்விட்டார்கள். தலையெண்ண வந்த கேப்டன் பார்த்தார். பாறை மேல் வரிசையாக நாற்பது சீஸ். ஆளுக்கு ஒன்று கணக்கு சரியாக இருந்ததால் "நாற்பது பேர் ஆஜர்" என்று எழுதினார். வென்ற படையின் குறிப்பு என்பதால் அதுவே சட்டமாயிற்று. அன்றிலிருந்து பட்டாளத்தில் சேருகிறவன் தன் வீட்டுச் சீஸ் ஒன்றைக் கொண்டுவந்து பாதாள அறையில் ஒப்படைக்கவேண்டும். அதன் தோலில் அவன் எண்ணைச் சூட்டுக்கோலால் பொறித்து வைப்பார்கள். சீஸ் பலகையில் இருக்கும்வரை ஆள் சேவையில் இருக்கிறான். மூன்று வருஷம் முடிந்து சீஸைத் திருப்பிக் கையில் கொடுத்தால் விடுதலை.

விடுதலையானவன் அந்தச் சீஸைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஊருக்கு வருவான். கல்யாணத்தன்று அதைத்தான் வெட்டுவார்கள். நம் நாட்டில் பாதிரியார் சொல்லும் ஜெபமெல்லாம் சும்மா ஒரு மரியாதைக்கு. மாப்பிள்ளையின் சேவைச் சீஸ் வெட்டப்பட்டதா, நாலு பேர் தின்றார்களா, அதுதான் கல்யாணம். தின்றவர்கள் சாட்சி. சாட்சியானவர்கள் அந்தக் கோடையில் ஆளுக்கு ஒரு நாள் அந்தத் தம்பதியின் புல்மேட்டில் வந்து புல் அறுத்துத் தரவேண்டும். இதை மறுத்த குடும்பத்துக்கு ஊரில் யாரும் பெண் கொடுப்பதில்லை.

ஃப்ளூரினுக்குப் பேசி வைத்திருந்த பெண் மெங்கியா. ஏழு மாடுகளைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவள். வாயும் ஏழு பேருக்கு உண்டு. அவன் ஒப்படைத்த சீஸை அவளே செய்தாள். வாரம் ஒருமுறை உப்புத் தண்ணீரில் துடைத்து, திருப்பிப் போட்டு, நாலு மாதம் பிள்ளையைப் போல வளர்த்துத்தான் அவன் கையில் கொடுத்தாள். அவர்களுக்கென்று ஒரு புல்மேடு இருந்தது. செங்குத்தானது; இரண்டு கையால் அறுத்து முடிக்க முடியாது. அவன் பட்டாளத்துக்குப் போனதிலிருந்து மூன்று கோடை அறுக்காமல் கிடந்தது. நான்காவது கோடையும் அறுக்காமல் போனால் கிராமச் சபை மேட்டை எடுத்துக்கொள்ளும். மேடு போனால் மாடு போகும். அவர்கள் இரண்டு பேருக்கும் வேறு ஒன்றும் கிடையாது.

யோவான் திருநாள் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அதற்கு முந்தைய ஞாயிறு மெங்கியா வெண்ணெய்க் கூடையோடு படைவீட்டு வாசலுக்கு வந்தாள். ஃப்ளூரின் காவலில் நின்றான்.

"புதன்கிழமை உன்னை விட்டுருவாங்கல்ல?"

"விட்டுருவாங்க. மூணு வருஷம் முடிஞ்சுது. சீஸைக் கையில வாங்கிட்டு நேரா வந்துடறேன்."

"எளச்சுப் போயிட்ட. என்ன சாப்பாடு போடறாங்க?"

"அவங்களுக்குத்தான் நல்ல சாப்பாடு. போன வியாழக்கிழமை வெற்றித் திருநாள் விருந்து. எதிரி வர்றானான்னு பாக்க என்னைச் சாப்பாட்டு ரூம் வாசல்ல நிக்க வெச்சாங்க. உள்ள ஒரு சீஸ் வாசனை வந்துச்சு பாரு, அடடா. நம்ம மேட்டுப் புல்லோட வாசனை மாதிரியே இருந்துச்சு. உன் ஞாபகம் வந்துருச்சு."

மெங்கியா கூடையைக் கீழே வைத்தாள்.

"ஏன்டா, உன் சீஸைப் போய்ப் பாத்தியா?"

"அதை எதுக்குப் பாக்கணும்? அது பாதுகாப்புல இருக்கு. பூட்டு போட்டிருக்கு. ஒரு மேஜர், ரெண்டு கேப்டன், மூணு லெப்டினென்ட் அதைப் பாத்துக்கறாங்க."

"ஒரு சீஸுக்கு ஆறு பேரா?"

"ஆமா," என்றான் ஃப்ளூரின் பெருமையாக.

புதன்கிழமை காலை சல்யூட்டுகளை முடித்துக்கொண்டு அவன் பாதாள அறைக்குப் போனான். மேஜர் கிளோ, சீஸ் பாதுகாப்புப் பிரிவின் தலைவர், மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான், யாரையும் நேராகப் பார்த்துப் பேசமாட்டார். ஒரு தாளை அவன் பக்கம் தள்ளினார்.

"சீஸ் பெற்றுக்கொண்டேன்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போடு."

"சீஸ் எங்கய்யா?"

"முதல்ல கையெழுத்து. அப்புறம் சீஸ் இல்லைங்கற விஷயத்துக்கு வருவோம்."

ஃப்ளூரின் எட்டிப் பார்த்தான். நீளமான பலகை, ஒரு காலத்தில் அறுபது சீஸ் இருந்த பலகை. அதிகாரியானவர்கள் எல்லாம் தங்கள் சீஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டதால் அதில் ஒன்றுதான் இருக்கவேண்டும். அந்த இடத்தில் ஒரு கை நீளத்துக்குக் காய்ந்த மேல்தோல் மட்டும் கிடந்தது. அதில் அவன் எண் பாதி தெரிந்தது.

"தின்னுட்டீங்களாய்யா?"

"என்ன பேச்சு பேசறே? ராணுவம் எதையும் தின்னாது. விருந்துக்கு வெளிநாட்டுத் தளபதி வர்றதா இருந்துச்சு. வாங்கி வெச்ச சீஸ்ல பூசணம். நம்ம நாட்டு மானம் என்ன ஆகறது? அதனால கையிருப்புல இருந்து எடுத்துப் பயன்படுத்தினோம். கடைசியில அந்த ஆளும் வரலை."

"எல்லாரும் சாப்பிட்டீங்களா?"

"ஆளுக்கொரு மெல்லிசுத் துண்டு. வெற்றிச் சீஸாச்சே, வேண்டாம்னு சொல்ல முடியுமா?" என்ற மேஜர், சற்று நேரம் கழித்து, "ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா" என்றும் சொன்னார்.

ஃப்ளூரின் அந்தத் தோலையே பார்த்தான். மெங்கியா நாலு மாதம் துடைத்துத் துடைத்து வைத்தது. சீஸ் இல்லாமல் விடுதலை இல்லை, விடுதலை இல்லாமல் கல்யாணம் இல்லை. அவன் கையெழுத்துப் போடாமல் ஜெனரலைப் பார்க்க மாடிக்கு ஏறினான்.

ஜெனரல் பல்தாசர் உடனே பதினேழு பேர் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தார். குழு ஒரு நாள் முழுக்கக் கூடிப் பேசி, வியாழக்கிழமை மாலை ஃப்ளூரினைக் கூப்பிட்டு முடிவை வாசித்தது. சட்டப்படி சீஸ் இருந்தால் ஆள் இருக்கிறான். பலகையில் சீஸ் இல்லை. ஆகவே சிப்பாய் ஃப்ளூரின் படைவீட்டில் இல்லை. அனுமதி இல்லாமல் காணாமல் போன சிப்பாய் ஓடிப்போனவன். ஓடிப்போனவனுக்குத் தண்டனை, சுட்டுக் கொல்வது.

"நான் இங்கதான்யா நிக்கறேன்," என்றான் ஃப்ளூரின்.

"அதை நாங்க மறுக்கலையே," என்றார் குழுத் தலைவர் மரியாதையாக. "ஆனா பதிவேட்டுல நீ இல்லை. நாங்க பதிவேட்டைத்தான் விசாரிச்சோம். உன்னை விசாரிக்கச் சொல்லி உத்தரவு இல்லை."

தண்டனையை நிறைவேற்றுவதில் ஒரு சிக்கல் வந்தது. சுடுவது சிப்பாயின் வேலை. அதிகாரி துப்பாக்கியைத் தொடக்கூடாது என்பது விதி. இருந்த சிப்பாய் ஒருவன். அவனே தன்னைச் சுட்டுக்கொள்ள விசை எட்டும் அளவுக்கு அவன் கை நீளமாக இருக்கிறதா என்று ஒரு கேப்டன் நாடா வைத்து அளந்து பார்த்தார். போர்ப் பயிற்சியில் தன்னைத் தாக்கிப் பழக்கப்பட்டவன்தானே என்று இன்னொருவர் ஊக்கம் கொடுத்தார். ஃப்ளூரினும், ராணுவம் சொல்கிறதே என்று, கையை நீட்டி முயற்சி செய்து பார்த்தான். எட்டவில்லை.

அப்போதுதான் கர்னல் லூட்சி எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதினான்காம் தொகுதிக்கு விஷயமில்லாமல் ஒரு வருஷமாகத் தூக்கம் கெட்டிருந்த மனிதர்.

"ஜெனரல் அவர்களே, சீஸ் ஓடிப்போகலை. அது விழுங்கப்பட்டது. போர் வெற்றி நாள்ல, சீருடையில இருந்தவங்களால, படைவீட்டு எல்லைக்குள்ள விழுங்கப்பட்டது. இதுக்கு வரலாற்றுல ஒரே பேர்தான் இருக்கு. வீரமரணம்."

ஜெனரல் பல்தாசர் மெதுவாக எழுந்து நின்றார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

"இருநூத்தி இருபது வருஷம்," என்றார். "இருநூத்தி இருபது வருஷமா நமக்கு ஒரு தியாகி இல்லை. பக்கத்து நாட்டுக்காரன் ஒவ்வொரு வருஷமும் மலர்வளையம் வைக்கறான். நான் எங்க போய் வைக்கறது? இளவரசர் கேட்டார், ஏன் பல்தாசர், உங்க ஆளுங்க யாருமே சாகமாட்டாங்களான்னு. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு." அவர் வந்து ஃப்ளூரினின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீ நாட்டு மானத்தைக் காப்பாத்திட்டப்பா. உன் ஆத்மா சாந்தியடையட்டும்."

"ஐயா, ஞாயித்துக்கிழமை எனக்குக் கல்யாணம்."

"ஞாயித்துக்கிழமை உனக்கு அரசு மரியாதையோட அடக்கம். இதைவிட வேற என்ன வேணும்? மத்த நாட்டுக்காரங்களுக்கெல்லாம் பேர் தெரியாத வீரன்தான் கிடைச்சான். எங்களுக்குப் பேர் தெரியும், ஊர் தெரியும், ருசிகூடத் தெரியும்."

மகிழ்ச்சியில் அன்றே எல்லோருக்கும் ஒரு படி பதவி உயர்வு அறிவிக்கப்பட்டது. அதற்கு அடையாளமாக அறுபத்தொரு பேரும் வரிசையில் நின்றார்கள். இறந்தவன் ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒரு சல்யூட் அடித்தான்.

சனிக்கிழமை காலை மெங்கியா மலையிலிருந்து இறங்கி வந்தாள். முகம் சிவந்திருந்தது. கையில் ஃபாதர் ஜியோன் அனுப்பிய சீட்டு. மணமகன் காலமாகிவிட்டபடியால் கல்யாணம் ரத்து, மனம் தளரவேண்டாம் என்று எழுதியிருந்தது.

"என்னடா இது?"

"செத்துட்டேன்னு சொல்றாங்க."

"சொன்னா? நீ சரின்னு கேட்டுக்கிட்டியா?"

"ஜெனரலே சொல்றாரு மெங்கியா. கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. பாவமா இருந்துச்சு."

"பாவமா இருந்துச்சா. அறிவு கெட்டவனே, மூணு வருஷமா அந்த மேட்டை அண்ணாந்து பாத்துப் பாத்து எனக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சு. புல்லு இடுப்பு உசரம் நிக்குது. அடுத்த மாசம் சபைக்காரன் எல்லைக் குச்சி நட வர்றான். நீ என்னடான்னா இங்க நின்னு செத்துக்கிட்டிருக்கே." அவளுக்குக் குரல் உடைந்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அழுது ஃப்ளூரின் பார்த்ததேயில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் துப்பாக்கியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான்.

"நாளைக்கு அடக்கத்துக்கு வேட்டு போடவும் நான்தான் போகணுமாம்," என்றான். "வேற சிப்பாய் இல்லையாம். அது முடிஞ்சா மரணச் சான்றிதழைக் கையில குடுத்துருவாங்களாம்."

மெங்கியா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எத்தனை பேர் தின்னாங்க?"

"எல்லாரும்தான். அறுபத்தொரு பேர்."

"ஒருத்தர் விடாம?"

"மேஜர் கிளோ ரெண்டு துண்டாம். ஏன்?"

அவள் உதட்டை அசைத்து மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டாள். பிறகு, "நாளைக்கு முகத்தைக் கழுவிக்கிட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் நிரம்பி வழிந்தது. முன் வரிசைகளில் அறுபத்தொரு தொப்பிகள். நடுவில் கொடி போர்த்திய சவப்பெட்டி. உள்ளே கை நீளத்துக்குக் காய்ந்த சீஸ் தோல். பெட்டிக்குப் பக்கத்தில் ஃப்ளூரின் துப்பாக்கியோடு விறைப்பாக நின்றான். அவன் தகப்பனார் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து, பெட்டியைப் பார்ப்பதா மகனைப் பார்ப்பதா என்று தெரியாமல் தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தார். மெங்கியா கடைசியாக வந்தாள். கருப்பு உடுத்தவில்லை. சிவப்புப் பாவாடையும் கல்யாணக் கிரீடமுமாக நடந்து வந்து முன்னால் உட்கார்ந்தாள். ஜனங்கள் முணுமுணுத்தார்கள்.

ஜெனரல் பல்தாசர் மேடையேறினார்.

"நாட்டு மக்களே, சிலர் கேட்கிறார்கள், ராணுவம் இந்த நாட்டுக்காக என்ன செய்தது என்று. இதோ இந்தப் பெட்டியைப் பாருங்கள். ஒரு சிப்பாய் இருந்தான். அவனிடம் இருந்த எல்லாவற்றையும் ராணுவம் எடுத்துக்கொண்டது. ஒரு துணுக்குகூட வீணாக்கவில்லை. தளபதி முதல் லெப்டினென்ட் வரை அவனை நாங்கள் சமமாகப் பகிர்ந்துகொண்டோம். எங்கள் ஒற்றுமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அவன் சாகவில்லை. எங்கள் ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கிறான். இரண்டு நாள் எனக்கு வயிற்றில் தெரிந்தது."

மெங்கியா எழுந்து நின்றாள்.

"ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். நான் அவருக்குப் பேசி வெச்ச பொண்ணு. அவரை உள்ள வெச்சிருக்கறது யார் யாருன்னு இந்தக் கண்ணால ஒருதரம் பாத்துக்கறேன். எனக்கு அந்த ஆறுதலாவது வேணும். சாப்பிட்ட புண்ணியவான்களெல்லாம் கையைத் தூக்குங்கய்யா."

அதிகாரிகள் உருகிப்போனார்கள். அறுபத்தொரு கைகள் உயர்ந்தன. ஒரு லெப்டினென்டுக்கு விருந்தன்று வயிறு சரியில்லை, வாயில் போட்டுத் துப்பிவிட்டார் என்பது பின்னால் தெரியவந்தது. தியாகத்தில் பங்கில்லாதவன் என்று பேர் வாங்க விரும்பாமல் அவரும் கையைத் தூக்கினார். மேஜர் கிளோ இரண்டு கைகளையும் தூக்கினார்.

"ஃபாதர், எண்ணிக்கிட்டீங்களா?" என்றாள் மெங்கியா.

ஃபாதர் ஜியோன் ஏற்கெனவே கல்யாணப் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். ராணுவம் தன்னுடைய ஒரே பீரங்கியைப் பதினெட்டு வருஷமாக அவருடைய முட்டைக்கோஸ் பாத்தியில் நிறுத்தி வைத்திருந்தது. அதை எடுக்கச் சொல்லி அவர் எழுதிய கடிதங்களுக்கு இன்றுவரை பதில் இல்லை.

"அறுபத்தோரு சாட்சி," என்றார். "என் ஆயுசுல இவ்வளவு பேர் சாட்சி சொன்ன கல்யாணத்தை நான் பாத்ததில்லை."

"எந்தக் கல்யாணம்?" என்றார் ஜெனரல்.

"மாப்பிள்ளையோட சேவைச் சீஸை வெட்டியாச்சு, தின்னாச்சு, தின்னவங்க கோயில்ல வெச்சு கையைத் தூக்கி ஒத்துக்கிட்டாச்சு. வேற என்ன பாக்கி?"

"அதெப்படி? அவன் செத்துட்டானே."

மெங்கியா கர்னல் லூட்சி பக்கம் திரும்பினாள். "எப்பங்கய்யா செத்தாரு? நீங்க எழுதி வெச்சிருப்பீங்களே."

தன்னை யாரோ தேதி கேட்கிறார்கள் என்ற சந்தோஷத்தில் லூட்சி துள்ளி எழுந்தார். "கடைசித் துண்டு விழுங்கப்பட்டது பிற்பகல் ஒன்று முப்பத்தேழுக்கு. பதினான்காம் தொகுதி, முதல் பக்கம்."

"முதல் துண்டு?"

"சரியாக ஒரு மணிக்கு. ஜெனரல் அவர்கள்தான் தொடங்கி வைத்தார்கள்."

"அப்போ முப்பத்தேழு நிமிஷம் அவர் உசுரோட, கல்யாணமான ஆம்பளையா இருந்திருக்காரு," என்றாள் மெங்கியா.

ஃபாதர் ஜியோன் எழுதிக்கொண்டே தலையாட்டினார். "ராணுவப் பதிவேட்டுல அவன் செத்தவன். அது உங்க பதிவேடு, நான் தலையிடமாட்டேன். என் பதிவேட்டுல கல்யாணமானவன். ஃப்ளூரின், அந்த வேட்டைப் போட்டு முடிச்சிட்டு இங்க வந்து கையெழுத்துப் போடுப்பா. துப்பாக்கியைப் பெட்டிக்குள்ளயே வெச்சிடு."

ஃப்ளூரின் ஜெனரலைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். அதன் பிறகு முதல்முறையாக, யாரும் உத்தரவு கொடுக்காமல், மெங்கியாவைப் பார்த்துச் சிரித்தான். வாசலுக்குப் போய் வேட்டு ஒன்றை வானத்தைப் பார்த்துச் சுட்டான்; துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டான். தகப்பனார் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, உரக்கவே அழுதார்.

ராணுவம் புல் அறுப்பதிலிருந்து தப்பிக்க ஆன மட்டும் பார்த்தது. குழு போட்டது. பதினெட்டுத் தாய்மார்கள் சளி என்று மனு எழுதினார்கள். ஆனால் சாட்சிக் கடமையை மறுத்தால் தங்கள் பிள்ளைகளுக்குப் பெண் கிடைக்காது என்று அதே தாய்மார்களுக்குத் தெரியும். மனுவை அவர்களே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆகவே ஜூலை மாதம் ஒரு வியாழக்கிழமை, அறுபத்தொரு அதிகாரிகளும் பதவி வரிசையில் மலை ஏறினார்கள். தோளில் அரிவாள். நெஞ்சில் தியாகியின் நினைவுப் பதக்கம்.

அரிவாளை எந்தப் பக்கம் பிடிப்பது என்று சொல்லிக்கொடுக்கவே காலை போய்விட்டது. செங்குத்துச் சரிவில் ஒரு பிரிகேடியர் உருண்டுபோய் வேலியில் நின்றார். பதவி வரிசைப்படிதான் அறுப்போம் என்று கர்னல்கள் பிடிவாதம் பிடித்ததில் லெப்டினென்ட்கள் கொஞ்ச நேரம் சும்மா நிற்க, மெங்கியா வந்து நாலு வார்த்தை சொன்னாள். அதன் பிறகு வரிசை தானாகவே கலைந்தது. வெயில் ஏற ஏறத் தொப்பிகளைக் கழற்றி வேலியில் மாட்டினார்கள். தொப்பி இல்லாமல் யார் யார் என்று அடையாளம் தெரியாததால் வேலை ஒழுங்காகவே நடந்தது. பிற்பகலில் குச்சி நட வந்த சபைக்காரன், அறுபத்தொரு பேர் குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனான். நான்கு மணிக்கு மேட்டின் முக்கால் பங்கு மழித்த தாடை போலப் பளிச்சென்று தெரிந்தது. ஃப்ளூரின் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று வருஷமாகக் கனவில் பார்த்த மேடு.

அப்போது ஜெனரல் பல்தாசர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, யாரும் கவனிக்காதபடி அவன் பக்கத்தில் வந்தார். உள்ளங்கை கொப்புளித்திருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பலகையில புதுசா ஒரு சீஸை வெச்சிருக்கோம்ப்பா. சந்தையில வாங்கினது. நல்ல சிப்பாய்தான். ராத்திரி பகலா இடத்தை விட்டு அசையறதில்லை, லீவு கேக்கறதில்லை. ஒழுக்கத்துல உன்னைவிட மேலுன்னு லூட்சி எழுதியிருக்காரு."

"சந்தோஷம்யா."

"ஆனா சல்யூட் அடிக்கமாட்டேங்குது." தொப்பியில்லாத தலையைத் தடவிக்கொண்டார். "தினம் காலையில ஆறு மணிக்கு அதுக்கு முன்னாடி போய் நிக்கறோம். எட்டேகால் வரைக்கும் நிக்கறோம். ஒண்ணுமில்லை. ஒரு மாசமாச்சு ஃப்ளூரின். நான் ஜெனரல்தானான்னு எனக்கே சந்தேகம் வருது. ஒண்ணே ஒண்ணு அடிச்சிடேன். யாரும் பாக்கலை."

ஃப்ளூரினுக்கு மனசு இளகிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. மூன்று வருஷப் பழக்கம். குதிகால்கள் தானாகச் சேர்ந்தன, வலது கை மெல்ல மேலே எழும்பியது.

பின்னாலிருந்து வந்த மெங்கியா அந்தக் கையில் மோர்ச் சொம்பை வைத்தாள்.

"செத்தவங்க சல்யூட் அடிக்கமாட்டாங்கய்யா," என்றாள் ஜெனரலிடம். "இதைக் குடிச்சிட்டு வாங்க. வேலியோரத்துல இன்னும் ரெண்டு வரிசை பாக்கி இருக்கு."

ஜெனரல் சொம்பை வாங்கிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். அரிவாளை எடுத்துக்கொண்டு, சரியான பக்கம்தானா என்று ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, வேலியோரம் போய்க் குனிந்தார்.